மேப்பிள் மரத்திலை கட்டின இளங்கொடி

உந்தப் பேய்க்கதை சொல்லுற ஆக்களைக் கண்டா எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஊரிலை நான் சயன்ஸ் படிப்பிச்சனான். முனி அடிச்சிட்டுது எண்டு வேப்பிலையோடை வந்த பொடியனுக்கு அது வலிப்பு எண்டு சொல்லி, சண்டை பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டதும் நான்தான். அதாலை இப்ப நான் சொல்லப்போறதைக் கேட்டு நீங்கள் சிரிச்சா நான் கோவிக்க மாட்டன், வேறை ஆரும் எனக்கு இதைச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பன். ஆனா நடந்தது. என்ரை பிள்ளையாணை நடந்தது. அதுவும் ராத்திரியிலை இல்லை, பட்டப்பகலிலை.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. கனடாவிலை, மல்வேர்னிலை ஒரு பேஸ்மென்ற்றிலை நானும் குணம் அண்ணையும் இருந்தனாங்கள். மனிசியும் மகளும் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை, நான் எப்ப கூப்பிடுவன் எண்டு பாத்துக்கொண்டு. எங்கடை ஆக்கள் முக்கால்வாசிப் பேருக்கு அப்ப ரெண்டு வேலை, எனக்கும் ரெண்டு. பின்னேரம் நாலு மணிக்கு பிளாஸ்ரிக் ஃபக்டரி. நடுச்சாமத்திலை வந்து விழுந்தா மூண்டு மணித்தியால நித்திரை. பிறகு எழும்பி ஸ்ரீல்ஸ் றோட்டுக்கு அங்காலை ஒரு மாட்டுப் பண்ணைக்கு ஓடவேணும், விடிய அஞ்சு மணிக்குக் கறவை. இப்ப அந்தப் பக்கம் போனா வீட்டுக்கு மேலை வீடு, நம்ப மாட்டியள், அப்ப மில்லிக்கனைத் தாண்டினா சோளக்காணியும் மாடும்தான். அந்த நாளிலை என்ரை கை கால் என்ரை சொல்லுக் கேக்காது. சிவப்பு லைற்றிலை நித்திரையாகி, பின்னுக்கு நிக்கிறவன் ஹோர்ன் அடிச்சு எழும்பினது எத்தினை தரம்.

பண்ணைக்காரர் ஏர்ல் எண்டு ஒரு கிழவர். மனிசி செத்துப்போச்சு, பிள்ளையள் ஒருத்தருக்கும் மாடு வேண்டாம். நாப்பது மாடு, ஒரு நாய், அவர். வாய் திறந்து கதைக்கிறதெண்டா மாட்டோடைதான். ரெண்டு வருசத்திலை அவர் எனக்குச் சொன்ன ஆகப்பெரிய புகழ்ச்சி, நீ நல்லாய்க் கை கழுவுறாய் எண்டது.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை, வெளியிலை மூக்கு விழுற குளிர். காலமைக் கறவை முடிஞ்சு ஒன்பது மணியிருக்கும், ஒரு மாடு கன்று போடுற அந்தரத்திலை நிண்டது. சோலி சுரட்டு இல்லாத மாடு, மூண்டாவது கன்று. ஏர்ல் தீன் வாங்க வெளிக்கிட்டவர், போகேக்கை சொல்லிப்போட்டுப் போனார், பாத்துக்கொள், ரெண்டு மணித்தியாலத்திலை கன்றின்ரை கால் தெரியாட்டில் மாட்டு டொக்டருக்குப் போன் அடி, நம்பர் சுவரிலை இருக்கு எண்டு. அவ்வளவுதான் வேலை. சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறது. நான் ஒரு வைக்கல் கட்டிலை குந்தினன். கொட்டிலுக்கை மாட்டுச் சூடு, எல்லாம் அசை போடுற சத்தம்.

கண் முழிச்சா மத்தியானம் பன்ரண்டு மணி.

கன்று வைக்கலுக்கை நடுங்கிக்கொண்டு கிடக்குது, பசுக்கன்று. இளங்கொடியும், அதுதான் நஞ்சுக்கொடி, விழுந்து கிடக்குது. வைக்கல் முழுக்க ரத்தம், மாடு செத்துப்போச்சு. தலையைக் கன்றின்ரை பக்கம் திருப்பினபடி கிடந்தது. நக்கத் தொடங்கியிருக்கு, முடிக்கேல்லை. கன்றின்ரை இடப்பக்கம் மயிர் காய்ஞ்சு கிடக்கு, வலப்பக்கம் அப்பிடியே வழுவழுப்பாய் ஈரம். நான் எழும்பி ஒரு போன் அடிச்சிருந்தா அந்தச் சீவன் தப்பியிருக்கும். இதிலை எனக்கு எப்பவும் சந்தேகம் இருந்ததில்லை.

ஏர்ல் உள்ளை வந்தார். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், சடாரெண்டு நடந்திட்டுது எண்டன். பச்சைப் பொய். வேலை போனா மனிசி பிள்ளையைக் கூப்பிட ஏலாது எண்ட பயம் ஒண்டு, வெக்கம் ஒண்டு. மனிசன் என்ரை முகத்தை ஒருக்காப் பாத்தார். டிராக்ரரைக் கொண்டுவந்து மாட்டைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போனார். எனக்கு இளங்கொடியைக் காட்டி, எருக்கும்பியிலை போடு எண்டார்.

இங்கைதான் நான் ஒரு விசர் வேலை செய்தன். ஊரிலை எங்கடை வீட்டிலையும் ஒரு மாடு நிண்டது. மாடு கன்று போட்டா இளங்கொடியைக் கண்ட இடத்திலை எறியிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு பையிலை கட்டிப் பால் உள்ள மரம் ஒண்டிலை, ஆலமரமோ என்னவோ, உயரத் தூக்குவினம். அப்பத்தான் தாய்க்குப் பால் வத்தாதாம். எங்கடை வீட்டிலை மரத்திலை ஏறுறது என்ரை வேலை. அண்டைக்கு என்ரை கை தன்ரை பாட்டிலை தீன் பை ஒண்டை எடுத்து, இளங்கொடியைப் போட்டு, வாயைக் கட்டி, காணி எல்லையிலை நிண்ட மேப்பிள் மரத்துக்குக் கொண்டுபோட்டுது. அதிலைதான் ஏர்ல் பங்குனியிலை துளை போட்டுப் பாணி காய்ச்சத் தண்ணி எடுக்கிறவர், எனக்குத் தெரிஞ்சு கனடாவிலை பால் உள்ள மரம் அதுதான். ஏறிக் கட்டிப்போட்டு இறங்கேக்கைதான் மூளை முழிச்சுது. பால் வத்தாமல் இருக்கக் கட்டுறது. பால் குடுக்க மாடு எங்கை? சயன்ஸ் மாஸ்ரர் செத்த மாட்டுக்குப் பால் கேட்டு மரத்திலை பை கட்டியிருக்கிறார். அவிழ்ப்பம் எண்டா ஃபக்டரிக்கு நேரம் போட்டுது.

அதுக்கு முந்தியே கன்றுக்குப் பருக்கிப் பாத்தம், குடிக்கேல்லை. சூப்பிப் போத்தல் வைச்சம், துப்பிச்சுது. விரலைப் பாலிலை தோய்ச்சு வாயிலை வைச்சன், பல்லைக் கிட்டிச்சுக்கொண்டு நிண்டுது. டொக்டர் வந்து தொண்டைக்குள்ளை ரியூப் விட்டவர், அவ்வளவும் திரும்பி வந்திட்டுது. முதல் நாள் கடும்புப்பால், அந்த மஞ்சள் சீம்பால், உள்ளை போகாட்டில் கன்று தங்காது. நாளைக் காலமை மட்டும் பாப்பம் எண்டு ஏர்ல் சொன்னார், சொல்லிப்போட்டுச் சுவரிலை இருந்த வேட்டைத் துவக்கைப் பாத்தார். நான் அண்டு பின்னேரம் முழுக்க ஃபக்டரியிலை மெஷினுக்கு முன்னாலை நிண்டுகொண்டு, தாயைச் சாகடிச்சாச்சு, கன்றாவது தப்பவேணும், கன்றாவது தப்பவேணும் எண்டு இதையேதான் சொல்லிக்கொண்டு இருந்தனான். ஆரைப் பாத்துச் சொன்னனோ தெரியாது, சாமி கும்பிடுற பழக்கமும் இல்லை.

சனிக்கிழமை விடியப் போனா கன்று எழும்பி நிக்குது. வயிறு பறை மாதிரி. வாயைச் சுத்திப் பால் நுரை. அப்பாடா, கிழவர் எப்பிடியோ பருக்கிப்போட்டார் எண்டு நினைச்சன். அவர் வந்து எட்டிப் பாத்திட்டு என்ரை தோளிலை ஒரு தட்டுத் தட்டினார். அவர் நான் பருக்கினதெண்டு நினைச்சிருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் விளங்கினது. தாய் மாட்டைச் செத்த மாடு ஏத்துற லொறி அண்டு காலமையே கொண்டு போட்டுது, அதையும் சொல்லிப்போடுறன், ஏனெண்டா நீங்கள் கேப்பியள்.

ஞாயிற்றுக்கிழமை. ஏர்ல் சேர்ச்சுக்குப் போட்டார், பத்து மணி, ஜன்னலாலை பனியிலை பட்ட வெயில் கண் கூசுற மாதிரி வருது. நான் சூப்பிப் போத்தலோடை கன்றின்ரை அடைப்புக்கு வந்தன். முந்தின நாள் ஃபக்டரி இல்லை, எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பினனான். இதையும் கேப்பியள், அதுதான் சொல்லுறன்.

கன்று எனக்குப் பக்கவாட்டிலை நிண்டுது. கழுத்தை நீட்டி, தலையைச் சரிச்சு, வாயை மேலை தூக்கி, காத்திலை குடிக்குது. நக்கினபடி விளையாடுறதில்லை, குடிக்குது. தொண்டை ஏறி இறங்குது, மடக்கு மடக்கெண்டு சத்தம் கேக்குது, வால் பம்பரமாய்ச் சுழலுது. பால் வரத்துக் குறைஞ்சா கன்றுகள் மடியிலை தலையாலை முட்டுமெல்லே, அது முட்டினது, முட்டின இடத்திலை தலை டக்கெண்டு நிண்டுது, காத்திலை முட்டினா தலை அங்காலை போகவேணும். கடைவாயாலை மஞ்சள் பால் வழிஞ்சு வைக்கலிலை சொட்டிச்சுது. கடும்புப்பால் நிறம்.

போத்தலைக் கீழை வைச்சன். அப்பத்தான் அதின்ரை வலப்பக்கத்தைப் பாத்தன், தாய் நக்காமல் விட்ட பக்கம். மயிர் பின்னங்காலடியிலை இருந்து முதுகு மட்டும் நாக்கு அகலத்துக்கு ஒரு கீலமாய் ஈரமாகி எழும்புது. பிறகு அதுக்குப் பக்கத்திலை இன்னொரு கீலம். அவசரமில்லாமல், வடிவாய், விட்ட இடத்திலை இருந்து. கொட்டிலிலை நிண்ட அவ்வளவு மாடும் அசை போடுறதை விட்டிட்டு அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு நிண்டுதுகள்.

அண்டைக்கு வீட்டை வந்து குணம் அண்ணைக்குச் சொன்னன். மனிசன் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நிண்டவர்.

"காத்திலை குடிக்குதோ?"

"ஓம் அண்ணை."

"கன்று?"

"ஓம். தாய் நிண்டு குடுக்குது."

"தாய் செத்தெல்லோ போச்சு எண்டனீ."

"அதைத்தான் சொல்லுறன்."

பட்டர்க் கத்தியை வைச்சிட்டு என்ரை நெத்தியைத் தொட்டுப் பாத்தார். "இஞ்சை பார், உனக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை, நித்திரைதான் இல்லை. உந்த மாட்டு வேலையை விடு. மனிசி வந்திறங்கேக்கை நீ அங்கொடை விசர் ஆஸ்பத்திரியிலை நிக்கப்போறாய்."

விட்டிருக்கலாம். விடேல்லை, கன்று இருக்குதெல்லே. போத்தலை அது பிறகும் தொடேல்லை, ஆனா நாளுக்கு நாள் கொழுத்தது.

ஒரு கிழமை கழிஞ்சு நாய் அந்த மேப்பிளுக்குக் கீழை நிண்டு குலைச்சுக் குலைச்சு கிழவரைக் கூட்டிக்கொண்டு போட்டுது. பையைக் கண்டிட்டார். சுத்திவரப் பனியிலை ஓநாய்க் கால் அடையாளம், அந்த ஊர்ச் சின்ன ஓநாய்கள், மணத்துக்கு வந்து நிண்டிருக்குதுகள். கன்றுகள் நிக்கிற பண்ணைக்கு ஓநாயைக் கூப்பிட்டு வைக்கிற வேலை, ஆருக்கும் கோவம் வரும்தானே. சட்டைப்பைக்குள்ளை இருந்து கத்தியை எடுத்தார்.

நான் ஓடிப்போய் அவரின்ரை கையைப் பிடிச்சன். என்ரை இங்கிலிஷ் அப்ப பள்ளிக்கூட இங்கிலிஷ், அழுதா அதுவும் வராது. எங்கடை வழக்கம் எண்டன். தாயின்ரை பால் வத்தாமல் இருக்கக் கட்டுறது, வெட்டினா கன்று பட்டினி கிடந்து செத்துப்போம் எண்டன். பிறகு வாய் நிக்கேல்லை. அண்டைக்கு நான் பாத்துக்கொண்டு இருக்கேல்லை, நித்திரை கொண்டிட்டன், நான்தான் மாட்டைச் சாகடிச்சது, பொய் சொன்னனான் எண்டன். வேலையாலை கலைக்கிறதெண்டாக் கலையுங்கோ, பையை மட்டும் விடுங்கோ.

அவர் கத்தியைக் கீழை இறக்கினார். பிறகு, எனக்குத் தெரியும் எண்டார். அண்டைக்கு அவர் பத்து மணிக்கே திரும்பி வந்திருக்கிறார். கொட்டிலை எட்டிப் பாத்தா நான் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. மாட்டுக்கு இன்னும் நேரம் கிடக்கு எண்டு கணக்குப் போட்டிருக்கிறார். பாவம், பொடியன் படுக்கட்டும் எண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திப்போட்டு டிராக்ரர் திருத்தப் போயிருக்கிறார். நாப்பது வருசமாய் மாடு பாக்கிறன், பிழையாய்க் கணக்குப் போட்டிட்டன் எண்டார். நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமல் பனியைப் பாத்துக்கொண்டு நிண்டம். எனக்கு ஆறுதலாய் இருந்தது எண்டா பொய். அவரின்ரை இரக்கமும் சேந்தெல்லோ அதைச் சாகடிச்சது எண்டு நினைக்க இன்னும் களைச்சுப் போனன்.

கத்தியை மடிச்சார். கன்று பால்குடி மறக்கிற மட்டும் இருக்கட்டும் எண்டார். நீ என்ன கண்டனீ எண்டு அவர் என்னைக் கேக்கேல்லை, நானும் அவரைக் கேக்கேல்லை.

ரெண்டு மாசத்திலை கன்று வைக்கலும் தீனும் தின்னத் தொடங்கி, காத்திலை குடிக்கிறதை விட்டிட்டுது. பையை இறக்கிப் பாத்தன், காய்ஞ்ச தோல்துண்டு மாதிரி ஒண்டு. புதைச்சுப்போட்டன். சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

வைகாசியிலை ஏர்ல் காணியை வித்தார், மாடுகளும் போச்சுது. கடைசி லொறியிலை இந்தக் கன்று மட்டும்தான், கிழக்கை ஒரு பண்ணைக்கு. பத்து மணி வெயில். நான் ஏத்துற பலகைக்குப் பக்கத்திலை தடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். கன்று ஏறி உள்ளை போட்டுது. டிரைவர் பலகையைத் தூக்கக் குனிஞ்சான். ஏர்ல் கையை உயத்தி, கொஞ்சம் பொறு எண்டார்.

ஒருத்தரும் அசையேல்லை. அப்ப என்ரை முகத்திலை சூடாய் ஒரு மூச்சுப் பட்டுது. புல்லும் பாலும் சேந்த மணம், ஈரம், முகத்துக்கு நேரை. கண் இமைக்கப் பயந்துகொண்டு நிண்டன். எவ்வளவு நேரமோ தெரியாது, குறைஞ்சது ஒரு மாடு ஒருத்தனை நல்லாய்ப் பாத்து முடிக்கிற நேரம். பிறகு பலகை அடி அடியாய் அமந்துது. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. லொறியின்ரை பின்பக்கம் கிறீச்செண்டு கீழை இறங்கிச்சுது, டிரைவர் குனிஞ்சு ரயரைப் பாத்தான். இப்பப் பூட்டு எண்டார் ஏர்ல்.

மனிசியும் மகளும் வந்து, வீடு வாங்கி, நான் இப்ப பென்ஷன் எடுக்கிறன். இப்ப எனக்கு எட்டு மணித்தியாலமும் படுக்கலாம், ஆனா ஏலுதில்லை. அந்தத் தாய் மாடு போற நேரத்திலை என்னை மன்னிச்சுப்போட்டுப் போனதோ, இல்லாட்டில் ஆளை அடையாளம் வைச்சுக்கொண்டு போனதோ எண்டு எனக்கு இண்டு வரைக்கும் தெரியாது.