நோகாத ஆள் எழும்பட்டும்

மண்ணெண்ணெய் வாங்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போன கமலாசனி, சுவரில் தன் பெயரைப் பார்த்தாள். வாய்க்கால் திருத்த வராத பதினான்கு பேரின் பெயர்கள். அவற்றுக்கு மேலே சிவப்பு மையில் ‘கள்ள வருத்தக்காரர்’ என்று, நோயில்லாமல் நோய் என்று நடிப்பவர்களைப் போல, எழுதியிருந்தது. எழுத்து, வாய்க்கால் வேலையை மேற்பார்க்கும் ஓவசியருடையது.

அவளும் புருஷன் பரமலிங்கமும் வடமராட்சியிலிருந்து பரந்தனுக்குக் கிழக்கே இந்தக் குடியேற்றத்துக்கு வந்து ஆறு வருடமாகிறது. காடு வெட்டி, வேர் கிண்டி, வரம்பு கட்டி உண்டாக்கிய வயல். போன மாரியில் மண் நிரப்பிய கடகப் பெட்டியைத் தலைக்கு ஏற்றும்போது அவளுடைய வலது தோள்மூட்டு கொழுவிக்கொண்டது. அதன் பிறகு அந்தக் கை காதுக்கு மேலே போகவில்லை. அவளுக்குத் தலை வாரி இழுத்துவிடுவதும் பரமலிங்கம்தான். டிஸ்பென்சரியில் எண்ணெய் கொடுத்து, வயது போனால் வருவதுதான் என்று அனுப்பினார்கள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

கமலாசனி அந்தக் கடதாசியைச் சுவரிலிருந்து உரித்து மடித்து இடுப்பில் செருகினாள். ஓவசியர் கோவிப்பார் என்றார் கடை மனேச்சர். கோவிக்கட்டும் என்றுவிட்டு நடந்தாள்.

அன்று பின்னேரமே பட்டியலில் இருந்த வீடுகளுக்குப் போனாள். ஒருத்திக்கு முழங்கால் வீக்கம், குந்தியிருந்தால் எழும்ப முடியாது. ஒருவருக்குக் கழுத்து திரும்பாது. இதை எதிர்பார்த்துத்தான் போனாள். எதிர்பாராதது என்னவென்றால், வழியில் நின்று கேட்ட, பட்டியலில் இல்லாத வீடுகளிலும் அதே கதைதான். வேலைக்கு ஒழுங்காகப் போனவர்களும் இரவில் ஒத்தணம் பிடித்துக்கொண்டுதான் படுத்தார்கள். குடியேற்றத்திலேயே பலசாலி என்று பேரெடுத்த தில்லைநாதன்கூட, ஆறு மாதமாக இடுப்பு நாரி பிடித்திருப்பதால் பாயில் உருண்டு உருண்டுதான் எழும்புவதாகச் சொன்னான். ஒருவருக்கும் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கொட்டிலில் கூட்டம். திங்கள் வேலைக்கு வராதவர்களின் வயலுக்குத் தண்ணீர் திறக்கப்படாது, வருத்தம் என்று சாட்டுச் சொல்பவர்களைத் தனக்குத் தெரியும் என்றார் ஓவசியர். பின்வரிசையிலிருந்து கமலாசனி எழும்பினாள். பரமலிங்கம் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்ததை அவள் கவனிக்கவில்லை.

“ஐயா, பதினாலு பேருக்குத்தான் வருத்தமெண்டு எழுதியிருக்கிறியள். அது பிழை. இஞ்ச இருக்கிறவையில உடம்பு நோகாத ஆள் எழும்பி நிக்கட்டும். அவையோட சேந்து நானும் நாளைக்குக் கடகம் தூக்கிறன்.”

ஒருவரும் எழும்பவில்லை. ஓவசியரின் கண் நேரே தில்லைநாதனிடம் போனது. எழும்பச் சொல்லிக் கை காட்டினார். தில்லைநாதன் எழும்பாமல் நாரியில் கையை வைத்தான்.

“எனக்கும் ஏலாதையா,” என்றான். “நாரி விட்டுப்போச்சு.”

அவன் சொன்னதும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. முதுகு, குதிக்கால், மணிக்கட்டு என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அதட்டுவதற்காகக் கதிரையை விட்டு எழும்பிய ஓவசியரும் மேசையை ஊன்றித்தான் எழும்பினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

கடைசியில், பாரம் தூக்க ஏலாதவர்கள் வாய்க்கால் கரையில் புல்லுச் செருக்கட்டும், மண்ணைத் தலையில் சுமக்காமல் இரண்டிரண்டு பேராகத் தடியில் கொழுவிக் காவிச் செல்லட்டும் என்றார் ஓவசியர். தன் கடதாசியைத் திருப்பித் தரும்படியும் கேட்டார்.

“தரமாட்டன்,” என்றாள் கமலாசனி. “திரும்பவும் எங்கட பேரை அப்பிடி எழுதினால் அரசாங்க ஏஜென்டர் ஐயாவிட்டக் கொண்டுபோய்க் காட்டுவன்.”

திங்கட்கிழமை எல்லோரும் வந்தார்கள். அவள் இடக்கையால் புல்லுச் செருக்கினாள். வேலை இரண்டு நாள் பிந்தித்தான் முடிந்தது. ஆனாலும் ஒரு வயலும் தண்ணீர் இல்லாமல் கிடக்கவில்லை.

அவளுடைய தோள் முழுதாகச் சுகப்படவில்லை. யாராவது சுகம் கேட்டால், பரவாயில்லை என்று மழுப்புவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள். “நோகுது,” என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.