கல்லா மேஜைக்கு அடியில்

இது நடந்தது ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில். வெளியே ஈரத்துணி அரைமணியில் காய்ந்துபோகும் வெயில். பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே வேறு கதைக்குப் போய்விடலாம். உங்களைப் பயமுறுத்த நான் எழுதவில்லை, கோபத்தில் எழுதுகிறேன். நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் கட்டிவிட்ட கதை என்று மட்டும் என் முகத்துக்கு நேரே சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னவர்களோடு நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். அதில் என் அண்ணனும் ஒருத்தன்.

அப்பா ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். வாசலோரம் பச்சைப் பெயின்ட் அடித்த கல்லா மேஜை, அதன் பின்னால் அப்பா. மூலையில் ஒரு ஜூக்பாக்ஸ். காசு போட்டு இரண்டு பொத்தான்களை அமுக்கினால் உள்ளே இசைத்தட்டு அடுக்கு சுற்றும். ஓர் இரும்புக் கை நாம் கேட்ட தட்டைப் பிடித்துத் தூக்கி, சுழலும் மேடையில் வைக்கும். முன்பக்கக் கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். பின்பக்கம் சமையற்கட்டு. அங்கே அம்மா. கடை இருந்த வருஷமெல்லாம் அந்தப் புகையில்தான் நின்றாள். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது.

அம்மாவுக்கு ஒரே ஒரு பாட்டுப் பிடிக்கும். ஓடாத ஒரு படத்தில் வந்தது. ஒரு பெண் குரல், கூடவே புல்லாங்குழல். யாராவது அதைப் போட்டால் அம்மா கரண்டியும் கையுமாக சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பாள். முதல் சரணம் முடியும். குழல் வரும். இரண்டாவது சரணத்தில் இரண்டு வரி போகும்... டக். பாட்டு நின்றுவிடும். இரும்புக் கை தட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

"ரெக்கார்டு தேஞ்சு போச்சு" என்பார் அப்பா. அம்மா உள்ளே போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும் அதே இடம். நான் பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

போன வருஷம் அப்பா இறந்தார். கடையை அதற்கு முன்பே விற்றாகிவிட்டது. கல்லா மேஜை சுவரோடு சேர்த்து அடித்தது என்பதால் அதுவும் கடையோடு போனது. இப்போது அங்கே ஒரு சாவிக்காரர் உட்கார்ந்து பூட்டுத் திறக்கிறார். ஜூக்பாக்ஸ் மட்டும் அண்ணன் வீட்டு ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

அம்மாவின் இடது காது எப்போதோ போய்விட்டது. வலது காதும் சீக்கிரம் மூடிவிடும், மிஷின் வைத்தாலும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "அந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

வேறு எதுவும் கேட்கவில்லை. போனில் தேடினேன், படத்தின் பெயர்கூட அகப்படவில்லை. அண்ணனிடம் போய் நின்றேன். "தூக்கிட்டுப் போ, இடத்த அடைக்குது" என்றான்.

நான் தையல்காரி. பொத்தான் தெரியும், ஜிப் தெரியும், மிஷினுக்கு எண்ணெய் விடத் தெரியும். அந்தத் தைரியத்தில் ஜூக்பாக்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து அதன் முதுகைக் கழற்றினேன். உள்ளே எலிக்கூடு. பழைய கிரீஸ் கோந்து மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷுமாகப் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பிறகு கைப்பழக்கத்தில் எல்லா இடத்திலும் தையல் மிஷின் எண்ணெயை விட்டேன், ரப்பர் சக்கரத்திலும் சேர்த்து. தட்டு வழுக்கி வழுக்கிச் சுற்ற, பாடகர்கள் எல்லாரும் தண்ணி போட்டமாதிரி பாடினார்கள். இரண்டு தடவை ஃபியூஸ் போனது. ஒரு தடவை எனக்கே ஷாக் அடித்தது. கடைசியில் பக்கத்துத் தெரு ரேடியோக்காரரைக் கூப்பிட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு ரப்பரைத் துடைத்தார், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தார், ஊசியை மாற்றினார்.

அந்தப் பாட்டின் தட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வேறு பிளேயரில் போட்டும் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, கடைசி வரைக்கும் ஓடுகிறது என்றார். அங்கேயே போய்க் கேட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். முடியாது என்றுவிட்டாள். முடிவு எப்படி என்று அவரும் சொல்லக்கூடாதாம்.

"இதுலதானே நின்னுச்சு? இதுலதான் ஓடணும்."

பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஜோடி ஒயர் வெளியே வந்து அறுந்து தொங்கியது. இது எதற்கு என்று ரேடியோக்காரரைக் கேட்டேன். முதலாளி பொத்தானுக்கு என்றார். பிடிக்காத பாட்டை யாராவது போட்டால் கல்லாவில் உட்கார்ந்தபடியே நிறுத்துவதற்கு மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான் வைத்திருப்பார்களாம். அமுக்கினால் உள்ளே ஒரு காந்தச் சுருள் இழுக்கும். டக். கை தட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். கடையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.



அம்மாவின் காதோரம் உட்கார்ந்து சொன்னேன். நின்றது வேறு எந்தப் பாட்டும் இல்லை, அது ஒன்றுதான். அது ஓடும்போதுதான் அம்மா அடுப்பை விட்டு வெளியே வருவாள். அவள் வெளியே வந்து நிற்பது பிடிக்காமல் அந்த மனிதர் மேஜைக்கு அடியில் விரலை வைத்திருக்கிறார். வருஷக்கணக்காக.

தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ ரெக்கார்டு நல்லாத்தான் இருந்துச்சா?" என்றாள்.

அண்ணனுக்குப் போன் செய்து கத்தினேன். செத்தவர் மேல் பழி போடாதே என்றான். பொத்தான் இருந்தது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். தெரியும் போல.

ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றி மூடினேன். மறுநாள் மத்தியானம் அம்மாவை உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தோம். மற்ற பாட்டுகள் எல்லாம் கடைசி வரை ஓடின. பிறகு அந்தப் பாட்டு. முதல் சரணம். குழல். இரண்டாவது சரணத்தில் இரண்டு வரி...

டக்.

கை தட்டை எடுத்துக்கொண்டு போனது.

அதற்குச் சற்று முன்னால் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது. க்கும்... ஊசித் தூசி என்று நினைத்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். குக்கர் விசில்கூடக் கேட்காத அம்மா.

"உங்கப்பா செருமுறார்" என்றாள்.

ஆமாம். பாட்டு நிற்பதற்கு முன்னால் அப்பா செருமுவார். அது எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுபடி ரேடியோக்காரர் வந்தார். தட்டை வேறு வரிசையில் வைத்தார். அதே இடத்தில் நின்றது. ஒயரை வேரோடு வெட்டினார். நின்றது. கடுப்பாகி அந்தக் காந்தச் சுருளையே கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இனி எது வந்து இழுக்கும், பார்த்துவிடலாம் என்றார்.

குழல் வந்தது. இரண்டு வரி வந்தது.

க்கும்...

இந்தத் தடவை ஸ்பீக்கரில் இல்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால்.

டக்.

ரேடியோக்காரர் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், ஸ்க்ரூடிரைவரை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது அவளை வாசல்படியில் ஐந்து நிமிஷம் நிற்க விடவில்லை. செத்த பிறகாவது விட்டுத் தொலைக்கக் கூடாதா? சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைத் திருப்பி வைத்தேன். அம்மா தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவின் நகங்களுக்குப் பாலிஷ் போட்டுவிட்டேன். அடர்ந்த மெரூன். அப்பா இருந்தவரை அந்த வீட்டில் நகத்துக்குச் சாயம் கிடையாது. இரண்டு கோட் அடித்தேன். அம்மா கையை விரித்து வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு, நாளைக்கு இன்னொரு தடவை போடு என்றாள்.

மறுநாள். மத்தியானம் மூன்றேகால். கதவு திறந்துதான் இருந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், கை இரண்டையும் மடியில் வைத்து, வலது காதைப் பெட்டிப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். நான் பொத்தான்களை அமுக்கினேன்.

அடுக்கு சுற்றியது. கிர்ர்ர்... கை இறங்கியது. ஊசி உட்கார்ந்தது.

பல்லவி. முதல் சரணம்.

குழல்.

பெட்டியின் விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. இரண்டாவது சரணம் தொடங்கியது. ஒரு வரி.

க்கும்...

என் காதுக்குப் பக்கத்தில். மூச்சுக்காற்றோடு.

இரும்புக் கை அசைந்தது.

"கைய எடுங்க" என்றாள் அம்மா.

சத்தமாக இல்லை. கண்ணை மூடியிருந்தாள். மடியில் வலது கை விரல்கள் மெல்ல வளைந்தன.

இரும்புக் கை தட்டை நோக்கி இறங்கியது... பாதியில் நின்றது. நடுங்கியது. உள்ளே மோட்டார் முனகியது.

அம்மாவின் விரல்கள் இறுகின. கழுத்து நரம்பு புடைத்தது.

"எடுடா."

என் வாழ்நாளில் அவள் அப்பாவை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

டக் இல்லை.

கை மேலே போனது.

பாட்டு ஓடியது.

கடைசி வரைக்கும் ஓடியது. அது எப்படி முடிகிறது தெரியுமா? கடைசி வரியைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பாடகி சிரித்துவிடுகிறாள். லேசாக, மூக்கு வழியாக. அவ்வளவுதான். அம்மாவும் சிரித்தாள். நான் அழுதேன்.

பிறகுதான் கவனித்தேன், அம்மாவின் சுட்டுவிரலில் ரத்தம். நகம் பாதி பிய்ந்து போயிருந்தது. நாற்காலிக் கையைப் பிறாண்டியிருப்பாள் என்று நினைத்துக் கட்டுப் போட்டேன். காலில் குத்திவிடுமே என்று உடைந்த துண்டைத் தேடிக் கூட்டினேன். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. துண்டும் கிடைக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மறுநாள் காலையில் ஆணி பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஊரின் அந்தக் கோடியில் இருந்தது பழைய கடை. அந்தப் பொத்தானைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று போனேன்.

சாவிக்காரர் பச்சைக் கல்லா மேஜையின் முன்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, இந்த மேஜையில் எலி இருந்ததா என்று கேட்டார். நேற்று மூன்று மணிக்கு மேல் சாவி அராவிக்கொண்டிருந்தாராம். மேஜைக்கு அடியில் பிறாண்டும் சத்தம். முழங்காலுக்குப் பக்கத்திலேயே. குனிந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் மேஜையே ஒரு தடவை அதிர்ந்து, மேலே இருந்த சாவியெல்லாம் கீழே கொட்டியதாம்.

"அதுலேருந்து அந்தப் பக்கம் உக்காரல" என்றார்.

போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நான் அடியில் நுழைந்தேன்.

பொத்தான் இருந்தது. சுற்றிலும் ஒட்டடை. பொத்தான் மட்டும் தினம் கை படுகிற மாதிரி பளபளவென்று இருந்தது. அதிலிருந்து ஒயர் எதுவும் போகவில்லை.

பக்கத்தில் பச்சைப் பெயின்ட் உரிந்து நான்கு கீறல்கள். பொத்தானில் தொடங்கி மேஜையின் விளிம்பு வரை. எதையோ பிடித்துத் தன் பக்கம் இழுத்தமாதிரி. பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளை மரம் புதிதாகத் தெரிந்தது.

கடைசிக் கீறலின் நுனியில் ஒரு நகத்துண்டு குத்தி நின்றது.

அடர்ந்த மெரூன்.

நான் அடித்த பாலிஷ் எனக்குத் தெரியாதா? இரண்டு கோட்.

குறடு கையில்தான் இருந்தது. ஆனால் பொத்தானைத் தொட விரல் வரவில்லை. நகத்தை மட்டும் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவின் மடியில் அதை வைத்தேன். அவள் கட்டுப் போட்ட விரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. நான் அவள் காதில் கத்தினேன், நாளைக்கு ரேடியோக்காரரை எப்படியாவது கூட்டிப்போய் அந்தப் பொத்தானைப் பிடுங்கிவிடுகிறேன் என்று.

அம்மா தலையை ஆட்டினாள்.

"வேணாம், இருக்கட்டும். இன்னொரு தடவ கைய வைக்கட்டும்... நான் பாத்துக்கறேன்."