விப்பர்ஸ்னாப்பர்

குதிரை வண்டித் தொழிலில் குதிரையைப் பழக்குவது எளிது. தனக்கென்று ஒரு சவாரிக்காரரைப் பிடிப்பதுதான் பாடு. எந்தத் தொழிலிலும் புதியவனாக நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

கடைசி வண்டி

ஐம்பதுகளில் தென்காசி ஸ்டேஷன் வாசலில் எட்டு வண்டிகள். புதியவன் நான், எட்டாவது. பேர் சொல்லிக் கேட்டு வருகிற சவாரி இருந்தால்தான் முன்னால் போகலாம் என்பது அங்கே வழக்கம். முதல் வண்டிக்காரர் சுடலை அண்ணாச்சியிடம் இடம் கேட்டேன். "ஏலே, நேத்து மொளச்ச பய நீ. ஒன் பேரு ஒன் குதிரைக்காவது தெரியுமா?" என்றார்.

வக்கீல் சொன்னது

சாரல் மாதம் முழுக்கக் குற்றாலத்தில் தங்கும் வக்கீல் ஒருவர், வேறு வண்டி இல்லாததால் என் வண்டியில் ஏறினார். பெருமை தாங்கவில்லை. கடைத்தெரு நெடுகச் சாட்டைக் கம்பைச் சக்கரத்தில் கொடுத்துக் கடகடவென்று சத்தம் எழுப்பினேன். இறங்கும்போது, "விப்பர்ஸ்னாப்பர்" என்றார். பாராட்டு என்று நினைத்தேன்.

சினிமா போஸ்டரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். வாசகசாலைக்காரர் அகராதியைப் பார்த்துச் சொன்னார்: தகுதிக்கு மீறித் துள்ளும் பொடியன். அந்தக் காலத்தில் வேலைவெட்டி இல்லாமல் தெருவில் நின்று, வெறுங்காற்றில் சாட்டையைச் சொடுக்கிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்த சொல்லாம். "ஒம்மைப் பாத்துட்டுத்தான்வே வெள்ளைக்காரன் எழுதியிருக்கான்" என்றார்.

அன்றே சாட்டையை வீட்டில் போட்டேன். என் மனைவி, அப்போது உயிரோடு இருந்தாள், அதைத் துணிக்கொடிக்கு முட்டாகக் கொடுத்தாள்.

மேலகரத்துத் தண்ணீர்

வக்கீல் ஊர் திரும்பும் நாளில் பெருமழை. அண்ணாச்சி வண்டியில் அவர்; பின்னால் காலியாக நான். ஸ்டேஷன் போகும் வழியில், மேலகரத்தில் ரோட்டின்மேல் முழங்கால் தண்ணீர். அண்ணாச்சி குதிரை மிரண்டு நின்றது. சாட்டை விழ விழப் பின்னால்தான் நகர்ந்தது. ரயிலுக்கு அரைமணிதான் இருந்தது.

வக்கீலையும் பெட்டியையும் என் வண்டிக்கு மாற்றினேன். கடிவாளத்தைப் பிடித்து, தண்ணீரில் முன்னால் நடந்தேன். என் கால் போன இடத்தில் குதிரையும் கால் வைத்தது. ரயில் வருவதற்குள் ஸ்டேஷன்.

"சாட்டை எங்கப்பா?"

"வீட்ல கெடக்கு ஐயா. நீங்க சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் பாத்தேன்."

வக்கீல் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "உன் பேர் என்ன?" என்றார்.

அடுத்த சாரல்

ரயிலைவிட்டு இறங்கியவர் ஏழு வண்டிகளைத் தாண்டி நடந்தார், என் பேரைச் சொல்லிக்கொண்டே. ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுடலை அண்ணாச்சி தன் குதிரையை ஓரமாக இழுத்தார். "வக்கீலய்யா கூப்பிடுதாகள்லா. வண்டிய முன்னால கொண்டாலே."

பிற்பாடு முதல் வண்டிக்காரனாக இருந்த காலமெல்லாம், கடைசியில் நின்றவர்களை அதே இங்கிலீஷ் வார்த்தையால்தான் நானும் ஏசினேன் என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.