போட்டோவில் இருந்த ஹால்

பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவருக்கு 'ஷேடு' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அவருக்கு அது அளவெடுத்துத் தைத்த பெயர். யாராவது சட்டைப் பொத்தானை நீட்டி, "இந்தக் கலர் வேணும்" என்றால் போதும். மெஷினை நம்ப மாட்டார். பொத்தானை வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். டப்பாவில் இரண்டு சொட்டு கறுப்பு விடுவார். அச்சு அசலாக அதே கலர் வந்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை என்பதை ஒரு நாளைக்கு மூன்று பேரிடமாவது சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட மனிதர் தன் ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டின் ஹாலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள் அக்காதான். நான்கு வருஷத்துக்கு முன் இந்த ஃப்ளாட் வாங்கியபோது, இருவரும் வளர்ந்த, பூட்டிக்கிடந்த பழைய வீட்டை விற்றார். வீடு அவர் பெயரில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அக்காவுக்கு ஃபோன் செய்தார். "சரி" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தைதான். அன்றிலிருந்து தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது கண் புரைக்கு ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். "லாட்ஜுல ரூம் போட்டாச்சு. உங்க வீட்டுல வந்து தலையைக் காட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தம்பி வீடு குத்துக்கல் மாதிரி இருக்க, அக்காவுக்கு லாட்ஜா? ஷேடுக்கு இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் மூளை ஓட ஆரம்பித்தது. அதற்கு அது ஓடாமலே இருந்திருக்கலாம்.

அவரிடம் ஒரு போட்டோ இருந்தது. ஆறு வயது ஷேடு ஒரு சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் இரட்டைச் சடையோடு அக்கா. சுற்றிலும் கண்ணாடி ஷோகேஸ், பாசிமணி கோத்த மணித் திரை, ரேடியோ, அதன்மேல் குரோஷா பின்னல் துணி. பார்த்துப் பார்த்து, பழைய வீடு என்றாலே அவருக்கு அந்த ஹால்தான். அதை அப்படியே எழுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அக்கா உள்ளே வந்ததும் பழைய வீடு கண்முன் நிற்கும், கோபம் கரையும், லாட்ஜிலிருந்து பெட்டி தானாக வந்து சேரும். ஃபர்னிச்சர் கடைக்காரர் வேறு, "இப்பல்லாம் பழைய மாடல்தான் சார் புது மாடல்" என்று தூபம் போட்டார்.

சுவர்க் கலரை மட்டும் போட்டோவைப் பார்த்து அவரே கலக்கினார். பதினோரு முறை கலக்கி, போட்டோவைச் சுவரில் ஒட்டவைத்துப் பார்த்தால் எது போட்டோ எது சுவர் என்று தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தார். சிவப்பு ரெக்சின் சோபா வந்தது. ஷோகேஸ் வந்தது. சமையலறை வாசலில் மணித் திரை தொங்கியது. கணக்கு டீச்சரான அவர் மனைவியின் கொண்டை அதில் தினம் இரண்டு வேளை மாட்டிக்கொண்டது. டிவி கால் அங்குலத் தடிமன். அதன்மேல் குரோஷா துணி நிற்குமா? கிளிப் போட்டு மாட்டினார். அன்றிலிருந்து செய்தி வாசிக்கிற பெண் முக்காடு போட்டுக்கொண்டுதான் செய்தி வாசித்தாள். வைஃபை பெட்டியைப் பழைய ரேடியோவுக்குள் ஒளித்துவைத்தார். சிக்னல் செத்தது.

"நான் ஹோம்வொர்க் அனுப்பணும்னா பால்கனிக்குப் போகணும். பால்கனிக்குப் போகணும்னா உங்க சோபாவைத் தாண்டிக் குதிக்கணும்" என்றாள் மனைவி. "உங்க அக்கா வந்து தங்கினா சரி. இல்லேன்னா நான் போய் அவங்களோட லாட்ஜுல இருந்துக்கிறேன்."

அக்கா வந்தாள். வாசலில் நின்றாள். புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு ஹாலை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். ஷேடு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"ஏன்டா, சுவருக்கு என்ன மஞ்சள் காமாலையா?"

"அக்கா, உனக்குக் கண்ணுல புரை. அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுது."

"உன் சட்டை வெள்ளையாத்தானே தெரியுது?"

ஷேடு ஓடிப்போய் போட்டோவை எடுத்துவந்து நீட்டினார். அக்கா அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஷேடு நெகிழ்ந்துபோனார். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தஞ்சு வருஷத்து போட்டோடா. அது பழுத்துப்போயிருக்கு. அந்தப் பழுப்பைப் போய் அப்படியே சுவர்ல அடிச்சு வச்சிருக்கே! அப்ப இது இளம் பச்சைச் சுவர்டா."

இருபத்தாறு வருஷத்துப் பெருமை மொத்தமாகக் கப்பலேறியது. மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். மணித் திரையில் கொண்டை மாட்டிக்கொண்டது.

"கலரை விடுக்கா. மத்ததெல்லாம் நம்ம வீடு மாதிரியே இருக்கா, இல்லையா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. "இது நம்ம வீடு இல்லடா."

"என்னக்கா சொல்றே?"

"இது எதிர்வீட்டு டைலர் வீடு. நம்ம வீட்டுல ஏது சோபா? அந்த சோபாவுல உக்காரணும்னு நீ ஒரு வாரம் அழுதே. நான்தான் டைலர்கிட்ட போய்க் கேட்டேன். அவரு கேமராவுலயே ஒரு படமும் எடுத்துக் குடுத்தாரு. நம்ம வீட்டுல இருந்தது ரெண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மடக்கு நாற்காலி. சுவர் வெறும் சுண்ணாம்பு. நான்தான் அடிப்பேன். நீலம் கூடிப்போய் திட்டுத்திட்டா நிக்கும். பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு நீ நிப்பே, 'இங்க கலர் பத்தல, அங்க கலர் பத்தல'ன்னு மேஸ்திரி வேலை பாத்துக்கிட்டு."

ஷேடு சோபாவில் உட்கார்ந்தார். புது ரெக்சின் கிறீச்சிட்டது. அந்த வீட்டை அவர் விற்றதுகூடப் பெரிதில்லை. அதன் சுவர் எப்படி இருந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஊரார் பொத்தானையெல்லாம் நினைவு வைத்திருக்கிற கண், தான் முதன்முதலாகப் பார்த்த கலரைத் தொலைத்துவிட்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"வித்துட்டேன்னு கோபம்தானேக்கா உனக்கு?"

"விக்காதேன்னா சொல்லியிருப்பேன்? யாரும் இல்லாத வீட்டைக் கட்டிக்கிட்டு அழ முடியுமா? முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருப்பேன். ஒரு தடவை உள்ள போய் நின்னு பாத்துட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதான்."

ஷேடு குனிந்தபடியே சொன்னார்: "நானும் உள்ள போகலக்கா. வீட்டை வாங்கினவங்க வாசல்ல நின்னு கூப்பிட்டாங்க. சாவியைக் கையில குடுத்துட்டு அப்படியே திரும்பி வந்துட்டேன். உள்ள போனா அழுதுடுவேன்னு பயமா இருந்துச்சு. உனக்கு முன்னாடியே சொல்லாததும் அதுக்குத்தான். நீ வந்தா நானும் கூட வரணுமே."

அக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறு வயதில் தட்டிக்கொடுத்த மாதிரியே முதுகில் தட்டினாள்.

"லூசு. இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? நாலு வருஷமா நான் என்னென்னமோ நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த தம்பி மனைவியை அவள் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு தலையணை குடும்மா. அரை மணி நேரம் படுத்துக்கிறேன். அப்புறம் இவனை லாட்ஜுக்கு அனுப்பு, என் பெட்டியை எடுத்துட்டு வரட்டும்."