வெயில் காட்டிய ஆப்பிள் கள்

நியூசிலாந்தில் ஆப்பிள் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் ஊருக்கு என்ன கொண்டுவருவான்? சாக்லேட், சோப்பு, தைலம். நான் கூடவே சைடர் போடும் கைப்பழக்கத்தையும் கொண்டுவந்தேன். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துக் குடிப்பது. அங்கே தோட்டத்துக்காரர் வீட்டில் அது நம் வீட்டு மோர் மாதிரி.

வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி வரச்சொல்லி ஏஜென்ட் போன் போட்டுக்கொண்டே இருந்தார். போகிறேனா இருக்கிறேனா என்று நான் சொல்லவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

சம்பா அறுவடை முடிந்த வாரம், திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கினேன். மிக்ஸியில் அரைத்து, வேட்டியில் பிழிந்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஈஸ்ட் தூவினேன். மூடியில் துளை போட்டு, மீன்தொட்டி ட்யூபைச் செருகி, மறு நுனியை டம்ளர் தண்ணீருக்குள் விட்டேன். உள்காற்று வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது, வந்தால் வினிகராகிவிடும். வித்தையே அதுதான். உலகத்துக்கே தெரிந்த விஷயம் என்று நினைத்து, அவளிடம் சொல்லாமல் விட்டேன்.

“சாராயம் காய்ச்சுறாங்கன்னு யாராச்சும் போலீசுக்குச் சொல்லப் போறாங்க,” என்றாள்.

“இது காய்ச்சுறது இல்ல. ஊறப்போடறது.”

“ஆப்பிள் கள்ளுன்னு சொல்லுங்க.”

டம்ளரில் குமிழி வரத் தொடங்கியதும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். நான் விளையாட்டாகச் சொன்னேன்: “இது நல்லா வந்துச்சுன்னா எங்கயும் போகல. இங்கயே இருந்துடறேன்.”

அவள் சிரிக்கவில்லை.

அரிசி மூட்டைக்குப் பின்னால் இருட்டில் ஜாடியை வைத்து, “பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, நெல்லை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். அங்கே போனவன் நினைத்தபோது திரும்ப முடியுமா? நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, முறை வரும்வரை குவியலோடு குவியலாகக் கிடக்க வேண்டும். அவள் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் ஜாடியைப் பற்றிக் கேட்பேன். “அது நல்லாத்தான் இருக்கு, நீங்க நெல்லப் பாருங்க,” என்பாள்.

ஒருவழியாக எடை போட்டு வீட்டுக்கு வந்தால், ஜாடி மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. ட்யூபைக் காணோம். வாயில் வெள்ளைத்துணி கட்டியிருந்தது. பக்கத்திலேயே நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி.

“தினமும் தெறந்து, ஈரமில்லாத கரண்டியால கிளறி விட்டேங்க. ட்யூப் வழியா எறும்பு ஏறும்னு எடுத்துட்டேன். பூசணம் பிடிக்கவே விடல.”

ஊறுகாய்க்கு என்னென்ன செய்வாளோ, ஒன்றுவிடாமல் செய்திருந்தாள். துணியை அவிழ்த்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. திட்ட வாயெடுத்தவன் அவளைப் பார்த்தேன். ஒரு டம்ளரில் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். மாடிக்கும் கீழேயுமாக ஜாடியைத் தூக்கித் திரிந்ததில் வெயில் பட்டு முகம் கறுத்துப்போயிருந்தது.

“நல்லா வந்திருக்கா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விளையாட்டுக்குச் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் இவள் இத்தனை நாளும் வெயிலில் வைத்து எடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. ஒரே மடக்கில் குடித்தேன். புளிப்பு காதுவரை ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

“நல்லா வந்திருக்கு,” என்றேன்.

டம்ளரை வாங்கி, அடியில் கிடந்த சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள். ஊறுகாய் போடுகிறவளை ஏமாற்ற முடியுமா? முகம் சுருங்கிவிட்டது.

“புளிச்சுப் போச்சேங்க.”

“நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டேன்ல.”

என் முகத்தையே பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜாடியின் வாயில் துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

“அப்ப நாளைக்கும் வெயில்ல வைக்கட்டுமா?”

“நீ தூக்காத,” என்றேன். “இனிமே நான் தூக்கிட்டு வந்து வைக்கறேன்.”