பின்பக்கத்துச் சதுரம்

தையல் கடையில் அவளுக்குப் ‘பிரிச்சுடு அக்கா’ என்று பெயர். காஜா எடுப்பதும் பொத்தான் கட்டுவதும் அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே ஜன்னலோர ஸ்டூல். ஒரு காஜா நூலளவு சாய்ந்திருந்தாலும், அது அடுத்தவர் எடுத்ததாகவே இருந்தாலும், “பிரிச்சுடு” என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். மாஸ்டரே அவள் பக்கம் சட்டையைத் தள்ளும்போது கொஞ்சம் தயங்குவார். கல்யாணத்தையும் ஒரே வருஷத்தில் பிரித்துவிட்டாள் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அந்த ஆளை நீங்கள் பார்த்திருந்தால் ஒரு வருஷம் தாங்கியதே அதிகம் என்பீர்கள்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு தங்கை. தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை. மாடியில் இரண்டே அறை கொண்ட வீடு, அதில் இவர்கள் இருவர். சில மாதங்களுக்கு முன்பு தங்கைக்குக் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது பித்தநீர் போகிற வழியில் கட்டி. வெட்டி எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். விலாவுக்குக் கீழே ஒரு குழாயைச் செருகி, அதன் நுனியில் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்க அதில் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ சொட்டிக்கொண்டே இருக்கும். டாக்டர் அக்காவை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, “ரெண்டு மாசம், மிஞ்சிப்போனா மூணு” என்றார். அவர் குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அதற்கப்புறம் தங்கை படியிறங்கவே இல்லை. “இந்தக் கண்றாவியத் தூக்கிக்கிட்டு நான் எங்க வர்றது?” என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் தானாகவே வாயைத் திறந்தாள்.

“அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, ஆபீஸ்ல எதிர் மேசைக்காரருக்குப் பிரிவுபசாரமாம். பன்னெண்டு மணிக்கு. முடிஞ்சதும் அப்படியே மகன் ஊருக்குப் போயிடறாராம்.”

“போகணுமா?”

“சும்மா சொன்னேன்.”

சும்மா சொல்கிற முகமா அது? எதிர் மேசைக்காரர் மனைவியை இழந்தவர். பதினெட்டு வருஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கடிதம் பிரித்தவர்கள். இவளுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்தார். இவளோ போனை அக்கா கையில் திணித்துவிடுவாள். நேரில் பதினெட்டு வருஷம் பேசாததைப் போனிலா பேசுவது? அக்காவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அன்றே நூல் வாங்கிவந்தாள். குரோஷா ஊசிப் பின்னல் அவளுக்குக் கைவந்த வேலை. பதிமூன்று சதுரம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஆறு இதழோடு ஒரு சிவப்புப் பூ, சுற்றிலும் சந்தன நிறம். சேர்த்துத் தைத்தால் தோள்பை. அந்தப் பிளாஸ்டிக் சனியன் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும், பார்க்கிறவர்களுக்குப் பூ மட்டும் தெரியும். கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, வீட்டில் கஞ்சி கொதிப்பதற்குள் பாதி என்று போட்டாள். இரண்டு சதுரம் தொளதொளவென்று வந்தது. அழுதுகொண்டே போட்டவை அவை. பிரித்தாள்.

முதல் தடவை வைத்துப் பார்த்தபோது பின்னலின் சந்து வழியாக மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. “நல்லாருக்குக்கா, ஜன்னல் வச்சுக் காட்டுற” என்று தங்கை சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பழைய போர்வையைக் கிழித்து உள்ளே லைனிங் கொடுத்தாள் அக்கா. அடுத்தது வார். கனம் ஏறியதும் அது இழுபட்டு நீண்டு, குழாயைச் சுண்டியது. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். வாரைப் பிரித்து, இறுக்கிப் போட்டு, பின்னால் நாடா வைத்துத் தைத்தாள். அதுவரை பிரித்ததெல்லாம் நியாயம். ஒருவரும் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் பை தயார். கச்சிதமாக இருந்தது. தங்கை தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள், திரும்பினாள், இன்னொரு தடவை நின்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே தங்கை நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தலைமுடி கொட்டி, கன்னம் ஒட்டி, ஆனாலும் பவுடர் பூசியிருந்தாள். அக்கா பையைக் கடைசியாக ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கேதான் வந்தது வினை. பின்பக்கத்தில், இடுப்போடு ஒட்டிக்கொள்கிற வரிசையில், ஒரு சதுரம் உள்புறம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டிருந்தது. யார் கண்ணிலும் படாத இடம். அவள் கண்ணில் பட்டுவிட்டது.

“அரை மணி வேலை. பிரிச்சுத் தச்சிடறேன்.”

“யாருக்கா அதைப் பார்க்கப்போறாங்க?”

“நான் பார்த்துட்டேனே.”

தையலில் கத்திரியை வைத்தாள். இணைத்த நூலும் சதுரத்தின் நூலும் ஒரே சந்தன நிறம். எதை வெட்டுகிறோம் என்று தெரிந்துதான் வெட்டுவதாக நினைத்தாள், இருபத்தாறு வருஷக் கை. ஆனால் வெட்டியது சதுரத்தின் நூலை. ஓரம் விட்டுப்போயிற்று, ஒரு சுற்று அவிழ்ந்தது, தடுக்கப் பிடித்து இழுத்ததில் பூவரைக்கும் அவிழ்ந்து வந்தது. பையில் கையகலத்துக்கு ஓட்டை.

“ஒரு ஊக்கு குத்திக் குடுக்கா. லைனிங் இருக்கே. போதும்.”

“பேசாம இரு. இதோ ஆச்சு.”

புதுச் சதுரம் தொடங்கினாள். அவசரத்தில் ஐந்து இதழ் வந்தது, பிரித்தாள். பதினொன்றரைக்குத் தங்கை மறுபடி, “ஊக்கு போதும்க்கா” என்றாள். பன்னிரண்டுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒன்றேகாலுக்கு அக்கா கடைசி முடிச்சைப் போட்டாள்.

தாங்கிப் பிடித்துப் படியிறக்கி, டாக்சி பிடித்துக் கூட்டிப்போனாள். தபால் ஆபீசில் பேப்பர் தட்டுகளை வாரிக்கொண்டிருந்தார்கள். அந்த மேசை துடைத்து வெறுமையாக இருந்தது. முத்திரை குத்துகிற அம்மாள் ஓடிவந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பத்தான் கண்ணு, பத்து நிமிஷம் ஆகல. ஒண்ணரை மணி வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார். நாங்கதான் பஸ்ஸை விட்டுருவீங்கன்னு தள்ளி அனுப்பினோம்.”

தங்கை தலையை ஆட்டினாள். பேச்சு எங்கே போய்விடுமோ என்று பயந்து அந்த அம்மாள் பையைத் தொட்டுப் பார்த்தாள். பூவைத் தடவி, முன்னும் பின்னும் திருப்பினாள்.

“எவ்வளவு சுத்தமா இருக்கு! ஒரு இடத்துல பிசகு இல்லையே. கடையில வாங்கினதா?”

“எங்க அக்கா போட்டது” என்றாள் தங்கை. குரலில் பெருமை இருந்தது, உண்மையான பெருமை. “பிசகு இருந்தா அவ விடவே மாட்டா.”

நாலு திட்டு திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அந்த வெறும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, எல்லோர் முன்னாலும், வாய்விட்டு அழுதாள்.