முன்னே தள்ள வேண்டிய கை

பதின்மூன்று வருஷம் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டியவளைப் பயிற்சி விமானத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஆள் மாறிவிடுவாள், கை மாறாது. ஹெலிகாப்டரில் இடது கை நெம்புகோலை மேலே இழுத்தால் வண்டி எழும்பும். விமானத்தில் அதே கையால் முன்னே தள்ள வேண்டும். பின்னால் இழுத்தால் எந்திரம் அடங்கிவிடும். கேட்பதற்கு இவ்வளவுதான். இதைப் பழகவே அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. பயிற்றுநர் படிப்பில் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் காத்தாடி.

பறக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தால் மூன்று வருஷம் ஒரே ஊர், அதுவும் சொந்த வீடு இருக்கும் ஊர். ஏழு வயது மகள் அம்மாவைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் போனில்தான். காத்தாடிக்கு வேண்டியது அந்த மூன்று வருஷம். மற்ற பெருமையெல்லாம் பேச்சுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. புதன்கிழமை காலை அவளுக்கும் ஜெட்டுக்கும் ஒரே விமானம். ஜெட்டு, போர் விமானத்திலிருந்து வந்தவன், அவளைப் போலவே பயிற்றுநராகப் படிப்பவன். அங்கே ஒரு வழக்கம்: ஒருவர் முன் இருக்கையில் மாணவராக நடித்து வேண்டுமென்றே தப்புச் செய்வார், மற்றவர் பின் இருக்கையிலிருந்து திருத்த வேண்டும். அன்று ஜெட்டு அமர்க்களமாக நடித்தான். இறங்கும்போது வேகத்தைக் கோட்டைவிட்டான். ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் தாழத் தொடங்கியது.

"கன்ட்ரோல் என்கிட்ட!" என்றாள்.

தரை எழும்பி வருவதைக் கண்டதும் பழைய கை விழித்துக்கொண்டது. இழுத்துவிட்டாள். எந்திரச் சத்தம் பொசுக்கென்று அடங்கியது. என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைப்பதற்குள் பிடியிலிருந்த நெம்புகோல் தானாக முன்னே பாய்ந்தது. இரண்டு இருக்கைகளின் நெம்புகோல்களும் ஒன்றோடொன்று இணைந்தவை. முன்னால் இருந்தவன் தள்ளியிருக்கிறான். வேலியைச் சக்கரம் தொடாமல் தாண்டியது அவர்கள் செய்த புண்ணியம்.

இறங்கியபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"தொட்டில் பழக்கம், மேடம். விடுங்க. நான் மூச்சு விட மாட்டேன்" என்றான் ஜெட்டு. நல்லவன். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மதியம் வீட்டுக்குப் போன் செய்தாள். கணவர் எடுத்ததுமே மகள் பிடுங்கிக்கொண்டாள்.

"அம்மா, நீ இங்க வந்ததும் எந்தப் பக்கம் படுப்பே? செவுத்துப் பக்கமா, என் பக்கமா?"

"நீ சொல்ற பக்கம்டி."

"அப்போ என் பக்கம். அப்பாவைச் செவுத்துப் பக்கம் தள்ளிடலாம்."

சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். பிறகு கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் கிடைத்துவிடும். அந்த ஆசை அவளை நன்றாகவே ஆட்டிப்படைத்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு தலைமைப் பயிற்றுநரின் அறைக்குப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல சார். அவரும் சொல்ல மாட்டார்."

"நாளன்னிக்கு நீங்க பாஸாயிடுவீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்புறம் எதுக்கும்மா இதை எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"இன்னிக்கு முன் சீட்டுல உக்காந்திருந்தவருக்கு ஓட்டத் தெரியும் சார்."

அவர் வெள்ளிக்கிழமைப் பரீட்சைப் பட்டியலை எடுத்து, அவள் பெயரை மெதுவாகக் கோடு போட்டு அடித்தார்.